நானூறு வருஷத்துச் சுவருக்குள் ஒரு ராத்தங்கல்



‘ஹோட்டல்’ என்றதும் நமக்கு ஞாபகத்துக்கு வருவது இட்லி, தோசை, பரோட்டா. ராத்திரி படுக்க இடம் வேண்டுமென்றால் அது ‘லாட்ஜ்’. ஐரோப்பாவில் அப்படி இல்லை. அங்கே ஹோட்டல் என்றால் முதலில் படுக்கை, அப்புறம்தான் சாப்பாடு. அந்த மாதிரி ஹோட்டல் ஒன்றைப் பற்றியும், அது இருக்கிற ஊரைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. ஊரின் பெயர் செஸ்கி க்ரும்லோவ். செக் குடியரசின் தென் பகுதியில், தலைநகர் பிராக்கிலிருந்து தெற்கே சுமார் 170 கிலோமீட்டரில் இருக்கிறது.

நான் அங்கே போனதில்லை. பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை! பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது பற்றி செமினார் தரவேண்டியிருந்தது. அதற்காகப் படிக்க ஆரம்பித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், கடைசியில் இந்த ஊரில் போய் நின்றுவிட்டேன். மேப், பிளான், புகைப்படம் என்று பார்த்துப் பார்த்து, இப்போது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைவிட அந்த ஊர்ச் சந்துகள்தான் எனக்கு நல்ல பழக்கம். எனவே இதைப் பயணக் கட்டுரை என்று நினைக்காமல், ஒரு ஹோட்டல் அறையை வைத்துப் படிக்கிற பாடம் என்று நினைத்துப் படியுங்கள். சிவில் சமாச்சாரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். மெக்கானிக்கல் நண்பர்களுக்கும் நடுவில் ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதலில் ஊரின் அமைப்பு. வல்தாவா என்கிற ஆறு இந்த ஊருக்குள் நுழைந்ததும் நேராக ஓடாமல், ‘எஸ்’ எழுத்தைப் போல வளைந்து வளைந்து போகிறது. (பிராக் நகரத்தின் நடுவில் ஓடுவதும் இதே ஆறுதான். ஸ்மெதனா என்ற செக் இசையமைப்பாளர் 1874-ல் இந்த ஆற்றின் பெயரிலேயே ஓர் இசை அமைத்தார்.) ஒரு வளைவுக்குள் பழைய நகரம். சுற்றிலும் தண்ணீர், ஒரு பக்கம் மட்டும் கழுத்து போலத் தரை. ஆற்றுக்கு அந்தப் புறம் பாறையின் மேல் கோட்டை. பிராக் கோட்டைக்கு அடுத்தபடி அந்த நாட்டில் பெரியது இதுதான். கோட்டைக் கோபுரத்துக்கு 162 படிகள். கோட்டைக்கு முன்னால் உள்ள அகழியில் தண்ணீர் கிடையாது, கரடிகள் வளர்க்கிறார்கள். காவலுக்கு முதலை விட்டதாக நாம் கதையில் படித்திருக்கிறோம், இங்கே கரடி!

1302-ஆம் ஆண்டிலிருந்து சுமார் 300 வருஷம் இந்தக் கோட்டை ரோஷம்பெர்க் என்ற பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. அவர்கள் சின்னம் ஐந்து இதழ் ரோஜா. அந்தக் குடும்பத்து வில்லெம் என்பவர் 1584-ல் இயேசு சபைத் துறவிகளை ஊருக்கு அழைத்து வந்தார். (நம்ம வீரமாமுனிவர் இருந்தாரே, அதே சபைதான்.) அவர்கள் நடத்துவதற்கென்று ஒரு கல்லூரி 1586 முதல் 1588 வரை கட்டப்பட்டது. கட்டியவர் மாஜ்ஜி என்ற இத்தாலிய மேஸ்திரி. இடம், நான் மேலே சொன்ன அந்தக் கழுத்துப் பகுதி. தெருப்பக்கம் வாசல், பின்பக்கம் சரிவு, கீழே ஆறு.

1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்து உத்தரவு போட்டார். கல்லூரிக் கட்டடம் ராணுவத்தின் கைக்குப் போனது. பிறகு 1889-ல் ஹோட்டல் ஆனது. அதன் பெயர் ‘ரூஷே’. செக் மொழியில் ரோஜா என்று பொருள். படிப்புக்குக் கட்டியது, பட்டாளத்துக்குப் போய், பயணிகளுக்கு வந்து சேர்ந்தது. இந்த மூன்று மாற்றத்திலும் கட்டடம் இடிபடாமல் தப்பியதற்கு ஒரே காரணம், அது ஒருநாளும் சும்மா கிடக்கவில்லை. ஆள் புழங்குகிற வீட்டில் ஓடு நழுவினால் அன்றைக்கே தெரியும், தலையில் சொட்டும். பூட்டிய வீட்டில் பத்து வருஷம் கழித்து உத்திரம் விழும்போதுதான் தெரியும். இதற்குப் பாடப்புத்தகம் வேண்டியதில்லை, எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம்.

ரூஷே மட்டும் அல்ல. இந்த ஊரின் பழைய வீடுகளில் ஏராளமானவை இன்று ஹோட்டலாகவும், ‘பென்சியோன்’ என்று அவர்கள் சொல்கிற சிறு விடுதியாகவும் மாறியிருக்கின்றன. கீழே வருகிற விஷயங்கள் இந்த மாதிரிப் பழைய வீட்டு விடுதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

தங்கப் போகிறவர் என்ன பார்ப்பார்? கார் வாசலில் வந்து நிற்காது. பழைய நகரத்துக்குள் பெரும்பாலும் நடைதான், வண்டியை வெளியே உள்ள பார்க்கிங்கில் விட வேண்டும். தெரு முழுக்கக் கல் பாவியிருக்கும். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்தால் ஊரே எழுந்து பார்க்கும். மாடிப்படி குறுகல். லிஃப்ட் பல வீடுகளில் கிடையாது. ரிசப்ஷனில் பாஸ்போர்ட் கேட்பார்கள், வெளிநாட்டு விருந்தினர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது அங்கே ஹோட்டல்காரரின் சட்டக் கடமை. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் ஒன்றுக்கு, ராத்திரி ஒன்றுக்கு என்று தனியாக ஒரு சிறு தொகையும் உண்டு. பணம் யூரோ அல்ல, கொருனா. அந்த நாடு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது, நாணயத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடும். இதெல்லாம் டிராவல்ஸ்காரர்களே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாததற்கு வருவோம்.

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். இரண்டடி, மூன்றடி கனம். ஜன்னல் திண்டில் ஒரு ஆள் உட்காரலாம். கல்லும் செங்கலும் கலந்து, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான். அதற்கு முன் கட்டிய சுவரில் சிமெண்டு தெரிந்தால், அது யாரோ பிற்பாடு வந்து பூசியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சுண்ணாம்பின் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால், அதிலிருந்து கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி, நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. மணல் சேர்த்துச் சுவரில் பூசுகிறோம். பூசிய பிறகு, போன கரியமில வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்துக்கொண்டு, அது மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகிறது! சிமெண்டு மாதிரி மறுநாளே இறுகாது. கனமான சுவரின் நடுவில் இருக்கும் சாந்து வருஷக்கணக்கில் மெதுவாக இறுகிக்கொண்டே இருக்கும். அதனால் அஸ்திவாரம் ஒரு பக்கம் லேசாக இறங்கினாலும் சாந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெடிப்பு விட்டாலும் சின்னச் சின்னதாகத்தான் விடும்.

இதைவிட முக்கியம் ஓதம். அந்தக் காலத்துச் சுவரில் டி.பி.சி. என்கிற ஓதத்தடுப்பு அடுக்கு கிடையாது. தரையில் உள்ள ஈரம், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போலச் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. ஏறிய ஈரம் அந்த வழியாகக் காற்றில் போய்விடும். யாராவது ஒரு புத்திசாலி, ‘நல்லாக் கெட்டியாக இருக்கட்டும்’ என்று அதன்மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் என்ன ஆகும்? ஈரம் வெளியே வர வழியில்லை. அது இன்னும் மேலே ஏறும். தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரியும். சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாக விழும். அது சும்மா விழாது, பழைய கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சானால், பூச்சு கெடும், சுவர் தப்பும். இருபது முப்பது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசிக்கொள்ள வேண்டியதுதான். பழைய கட்டடத்தில் பலமான பொருள்தான் நல்ல பொருள் என்கிற கணக்கு செல்லாது. இரண்டு வருஷம் சிமெண்டு, காங்கிரீட் என்று படித்துவிட்டு வரும் நமக்கு இது தலைகீழாகத்தான் இருக்கிறது.

எனக்கு அவ்வளவு தலைகீழாக இல்லை என்றும் சொல்லவேண்டும். எங்கள் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள் வேலைக்குப் போனவர். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். செமினாருக்காக இந்த ஓத விஷயத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பா என்னவென்று கேட்டார். சொன்னேன். “ஈரம் வெளிய போவறதுக்கு வழி விட்டுரணும் தம்பி. இல்லேன்னா உள்ளேயே இருந்து சுவரத் தின்னுரும்” என்றார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தது அவ்வளவுதான்! தாத்தா காலத்தில் கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் விட்டுச் சுண்ணாம்பு அரைத்த கதையும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அப்பா இதுவரை நாலு லாட்ஜுக்கு வேலை பார்த்திருக்கிறார். எதிலும் ஒரு ராத்திரி தங்கியதில்லை. சாரம் பிரித்த பிறகு உள்ளே போனதும் இல்லை.

மறுபடி செக் நாட்டுக்கு வருவோம். தெருவில் நின்று பார்த்தால், சில வீடுகளின் வெளிச்சுவர் செதுக்கிய கருங்கல்லை அடுக்கியது போலத் தெரியும். கிட்டே போய்த் தொட்டால் பூச்சு! இதற்கு ‘ஸ்கிராஃபிட்டோ’ என்று பெயர், இத்தாலியிலிருந்து வந்த வேலை. முதலில் கரி கலந்த கருத்த சுண்ணாம்புச் சாந்தை ஓர் அடுக்கு பூசுவார்கள். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு மெல்லிதாக ஓர் அடுக்கு. மேல் அடுக்கு காய்வதற்குள், வேண்டிய இடத்தில் இரும்புக் கருவியால் சுரண்டினால் அடியில் உள்ள கறுப்பு தெரியும். வெள்ளையும் கறுப்புமாகப் பூ, இலை, வேட்டைக் காட்சி, எது வேண்டுமானாலும் வரையலாம். ஈரம் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பதால், ஒருநாளில் எவ்வளவு சுரண்ட முடியுமோ அவ்வளவுதான் அன்றைக்குப் பூசுவார்கள். சாயம் வெளுக்கிற வேலை இல்லை இது, இரண்டு அடுக்கின் நிறம்தான் படமே. அந்த நாட்டில் லித்தோமிஷ்ல் என்ற ஊரின் அரண்மனைச் சுவர் முழுக்க, கடித உறை மாதிரியான ஆயிரக்கணக்கான சதுரங்களை இப்படிச் சுரண்டி வைத்திருக்கிறார்கள்.

அறைக்குள் திரும்புவோம். தரைத்தள அறை என்றால் மேலே பெரும்பாலும் கமான் வளைவுக் கூரைதான். வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் அனுப்பாது, பக்கவாட்டிலும் சுவரை வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் சுவர் அவ்வளவு கனம். அப்படியும் போதாத இடத்தில், எதிரெதிர்ச் சுவர்களை இழுத்துப் பிடிக்க அறைக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். தங்கப் போகிற நம்ம ஆள் அதில் துண்டு காயப்போடாமல் இருக்கவேண்டும், வீடு நிற்பதே அதனால்தான்! குறுகலான சந்துகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே தலைக்கு மேல் ஒரு கமான் தனியாக நிற்பதைப் பழைய செக் ஊர்களில் பார்க்கலாம். அது அழகுக்கு அல்ல. ஒரு வீடு இன்னொரு வீட்டின்மேல் கைபோட்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

மாடி அறையில் கூரை மர விட்டங்களால் ஆனது, சில வீடுகளில் அவற்றின்மேல் பழைய வர்ணச் சித்திரம் இருக்கும். விட்டத்தின் நடுப்பகுதி பார்க்க எவ்வளவு திடமாக இருந்தாலும் ஏமாறக்கூடாது. சுவருக்குள் சொருகியிருக்கும் முனைதான் முதலில் உளுக்கும், ஈரம் அங்கேதான் சேர்கிறது. ஜன்னல் இரட்டை. வெளியே ஒரு ஜோடிக் கதவு, ஒரு சாண் இடைவெளி விட்டு உள்ளே ஒரு ஜோடிக் கதவு. இடையில் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே செய்த ஏற்பாடு இது. அதைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்க, பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அவ்வளவு எளிதில் அனுமதி கிடைக்காது. 1987-ஆம் ஆண்டின் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் அங்கே இன்றும் பேசப்படும் சட்டம். ஓர் ஓட்டை போடுவதற்கும் நிபுணர் கருத்து கேட்டாக வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் கஷ்டமான இடம். குளியலறை! 1588-ல் கட்டிய கட்டடத்தில் ‘அட்டாச்டு பாத்ரூம்’ எங்கிருந்து வரும்? ஆனால் இன்றைக்கு அது இல்லாமல் யாரும் அறை எடுக்க மாட்டார்கள். இந்த ஒரு தேவையால்தான் பழைய கட்டடங்கள் அதிகம் சேதப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தண்ணீர் கொண்டுவரும் குழாய் சின்னது, எப்படியும் வளைத்துக் கொண்டு போகலாம். கழிவுக்குழாய் அப்படி அல்ல. நாலு அங்குலக் குழாய், நாற்பதுக்கு ஒன்று சாய்வு என்று வையுங்கள். கழிப்பறையிலிருந்து இறங்குகுழாய் நாலு மீட்டர் தள்ளி இருந்தால், பத்து சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். குழாயின் கனத்தையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். அந்த ஆழம் தரைக்குள் எங்கே இருக்கிறது? கீழே கமான் வளைவு. அதை வெட்டினால் வளைவின் பலமே போச்சு. மர விட்டமானால் அதில் காடி எடுக்கவே கூடாது.

வழி என்ன? தரையைத் தொடாமல், பழைய தரைக்கு மேலே இன்னொரு தரையைத் தூக்குவது. அப்படிச் செய்த இடத்தில் குளியலறைக்குள் போக ஒரு படி ஏறவேண்டியிருக்கும். ‘ஏன் இப்படி இடறுகிற மாதிரி படி வைத்தார்கள்’ என்று திட்டாதீர்கள், அந்தப் படிக்கு அடியில் ஒரு கமான் உயிரோடு இருக்கிறது. அடுத்தது, எல்லா மாடியின் குளியலறைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இறங்குகுழாயைச் சுற்றி வைப்பது. அந்தக் குழாய்க்குப் பழைய புகைபோக்கியின் பாதை கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றாவது, செங்கல் தடுப்புக்குப் பதிலாக லேசான ஜிப்சம் பலகைத் தடுப்பு. பாரம் குறையும், நாளைக்கு வேண்டாம் என்றால் பழைய சுவரில் தழும்பு இல்லாமல் கழற்றிவிடலாம். நாம் சேர்த்ததைப் பின்னால் வருகிறவன் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது பழுதுபார்க்கும் வேலையில் பெரிய விதி. வெந்நீர் ஆவியையும் மறக்கக்கூடாது. எக்ஸாஸ்ட் சரியில்லை என்றால் ஆவி போய் அந்த விட்டத்து முனையில் உட்காரும். விருந்தினர் ஒருவர் அரைமணி நேரம் ஷவரில் நிற்பதை 1588-ஆம் வருஷத்து மேஸ்திரி எதிர்பார்த்திருக்க மாட்டார்.

2002 ஆகஸ்டில் வல்தாவாவில் பெரிய வெள்ளம் வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அலைகள். ஊருக்கு மேலே, 1959-ல் கட்டி முடித்த லிப்னோ அணை இருந்தும் தாங்கவில்லை. ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிவது சில நாளில் நடந்துவிடும். மூன்றடிச் சுவர் குடித்த தண்ணீர் வெளியேற மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷங்களும் ஆகும். இந்த மாதிரி நேரத்தில் அவசரப்பட்டு ஹீட்டர் வைத்துச் சூடேற்றினால் வெளிப்பக்கம் காய்ந்து உள்பக்கம் ஈரமாகவே நிற்கும். தண்ணீர் நின்ற அளவுக்கு மேலேயே பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருப்பதுதான் முறை. ஹோட்டல் முதலாளிக்குக் காத்திருப்பது கஷ்டம், அறை காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். அவர் அவசரத்துக்கும் சுவரின் நிதானத்துக்கும் நடுவில் நிற்கப்போவது சைட்டில் இருக்கும் டிப்ளமோக்காரர்தான். நம்மைத்தான் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் நண்பர்களே, உங்கள் முறை. கோட்டைக்குள் 1766-ல் அமைத்த ஒரு நாடக அரங்கம், மேடைக்கு அடியில் உள்ள மர இயந்திரத்தோடு அப்படியே இருக்கிறது. காட்சிப் பலகைகள் தள்ளுவண்டிகளில் நிற்கின்றன. எல்லாம் கயிறுகளால் கீழே உள்ள ஓர் உருளையோடு கட்டப்பட்டவை. ஆட்கள் கீழே நின்று அதைச் சுழற்றினால், சில விநாடியில் எல்லாப் பலகையும் ஒரே நேரத்தில் நகர்ந்து, காடு அரண்மனையாகிவிடும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை! 1997-லிருந்து பொதுமக்கள் பார்க்கலாம். கோட்டைத் தோட்டத்தில் இன்னொரு விசித்திரம். 1958-ல் அங்கே ஒரு சுழலும் பார்வையாளர் மேடை வைத்தார்கள். காட்சி மாறும்போது மேடை மாறாது, உட்கார்ந்திருக்கும் நாம்தான் மாறி வேறு பக்கம் திரும்புவோம். முதலில் 60 பேர் உட்காரும் அளவு, ஆட்கள்தான் தள்ளினார்கள். பிற்பாடு பெரிதாகி மின்சாரத்துக்கு வந்தது. பழமையான தோட்டத்தில் அது இருக்கலாமா என்று நீண்ட நாளாகச் சர்ச்சை.

நிற்க. இவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்? எனக்கு இந்த ஊர் தூக்கத்தைக் கெடுத்தது இந்த இடத்தில்தான்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் பெரும்பான்மை ஜெர்மன் பேசும் மக்கள். அவர்கள் வாயில் ஊர்ப்பெயர் க்ருமாவ். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1945, 1946-ல் அவர்களை நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். நாஜிகளின் ஆக்கிரமிப்பில் செக் மக்கள் பட்ட கொடுமைக்குப் பதில் என்று அது நடந்தது. தப்பு செய்தவர், செய்யாதவர் என்று பார்க்கவில்லை. வீடுகள் காலியாயின. வேறு இடங்களிலிருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். அந்தச் சுவர்களின் குணம் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் 1963-ல் பழைய நகரத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தார்கள். ஆனால் பல வீடுகள் பழுது பார்க்கப்படாமல் பாழடைந்தே கிடந்தன. 1989 நவம்பரில் ஆட்சி மாறியது. 1992-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பிறகு எல்லாம் வேகம். வீடுகள் தனியார் கைக்கு வந்தன, பழுது பார்த்தார்கள், ஹோட்டல் ஆயின, பென்சியோன் ஆயின, கடை ஆயின. இன்று நகரத்தின் மொத்த ஜனத்தொகை சுமார் 13,000. அதில் மிகப் பெரும்பாலோர் வசிப்பது பழைய நகரத்துக்கு வெளியே.

ஈகோன் ஷீலெ என்று ஓர் ஆஸ்திரிய ஓவியர். அவருடைய அம்மா பிறந்த ஊர் இது. 1911-ல் இங்கே வந்து குடியிருந்தார். அவர் வாழ்ந்த விதமும் வரைந்த படங்களும் ஊராருக்குப் பிடிக்கவில்லை. சில மாதத்திலேயே கிளம்பவேண்டியதாயிற்று. ஆனாலும் மறுபடி மறுபடி இந்த ஊரைத்தான் வரைந்தார். 1914-ல் ஒரு படம். நெருக்கமான வீடுகள், நடுவில் கொடியில் கலர் கலராகத் துணி காய்கிறது. அவ்வளவுதான் படம். 1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூவில் 28 வயதில் அவர் இறந்துபோனார். அந்தத் துணி காயும் படம் 2011-ல் லண்டனில் சுமார் 2 கோடியே 47 லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. அவரை அனுப்பி வைத்த ஊரில் 1993 முதல் அவர் பெயரிலேயே ஒரு கலை மையம் இருக்கிறது.

இதை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள். 2018-ல் கட்டெர்ஷினா ஷெடா என்ற செக் கலைஞர் ஒரு காரியம் செய்தார். அந்தக் கோடையில் சில குடும்பங்களுக்குப் பழைய நகரத்துக்குள் தங்க வீடு கொடுத்து, சம்பளமும் கொடுத்தார். வேலை என்ன தெரியுமா? சாதாரணமாக வாழ்வது! ஜன்னலில் நின்று பக்கத்து வீட்டாரோடு பேசுவது, பிள்ளைகள் தெருவில் விளையாடுவது, துணி காயப்போடுவது. சுற்றுலா வந்த கூட்டம் அதையும் நின்று பார்த்தது. அதே வருஷம் வெனிஸ் நகரக் கட்டடக்கலைக் கண்காட்சியில் தன் நாட்டின் சார்பில் அவர் இதையே காட்சிக்கு வைத்தார். ஷீலெ காலத்தில் சும்மா காய்ந்த துணி, நூறு வருஷம் கழித்துச் சம்பளத்துக்குக் காய்ந்தது.

இதற்கு ஹோட்டல்களைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. சுண்ணாம்புப் பூச்சுக்கும், இரட்டை ஜன்னலுக்கும், பாழான விட்டத்துக்கும் ஆகிற செலவைத் தாங்குவது ஒரு கூலிக்காரக் குடும்பத்தின் வாடகையால் முடியாது, ராத்திரிக்கு ராத்திரி வந்து பணம் கட்டும் விருந்தினரால்தான் முடிந்தது. ஆனால் மாடி முழுவதையும் விருந்தினருக்கே விட்டுவிட்டால், சுற்றுலா இல்லாத பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ராத்திரியில் அந்தத் தெருவில் விளக்கு எரிவது எத்தனை வீட்டில்? 2020-ல் கொரோனாவுக்காக எல்லை மூடினபோது உலகம் முழுக்க இந்த மாதிரி ஊர்களுக்கு அது தெரிந்துபோனது. என் யோசனை சின்னது. அனுமதி கேட்டு வரும் பிளானில், குளியலறை எத்தனை என்று கேட்பது போல, நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடு எத்தனை என்றும் ஒரு கட்டம் இருக்கவேண்டும். கட்டடத்தைக் கழற்றக்கூடிய தடுப்புகளால் பிரிக்கத் தெரிந்த நமக்கு, மேல்மாடியில் ஒரு குடும்பத்துக்கு அடுப்படியோடு இடம் பிரித்துக் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. செக் குடியரசிலேயே முதல் ஊராக இவர்கள் 2019-ல் சுற்றுலா பஸ்களுக்கு முன்பதிவும் கட்டணமும் கொண்டுவந்தார்கள். அது கூட்டத்தை ஒழுங்கு செய்யும். குடும்பத்தைக் கொண்டுவராது.

நம்மில் யாராவது வேலை கிடைத்து அந்தப் பக்கம் போகிற நாள் வரத்தான் போகிறது. அப்போது இந்த மாதிரி ஒரு விடுதியில் ஒரு ராத்திரி தங்குங்கள். காலையில் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுக் கிளம்பும் முன்பு, குளியலறைப் படியின் உயரத்தை அளந்து எனக்கு எழுதுங்கள். என் கணக்குக்கு 22 சென்டிமீட்டர் வருகிறது. செமினாருக்காக வரைந்த குறுக்குவெட்டுப் படம், கமான் வளைவும் கழிவுக்குழாயும் சேர்ந்தது, சிவில் டிராயிங் ஹாலில் மாட்டியிருக்கிறது. வேண்டியவர்கள் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.

- இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு